பக்கத்து மெஸ்ஸுக்கு யாருடைய அரிசி?

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் காயில் கட்டும் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். "மூணு மணிக்கு மேல வாங்கண்ணே" என்றான் கடைப் பையன். மணி பன்னிரண்டரை. காலையில் குடித்த கூழ் கரைந்துபோய் வயிறு கேட்க ஆரம்பித்திருந்தது.

இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றைக்குச் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவே இல்லை. பிரியாணிக் கடை, ஆந்திரா மெஸ், ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்காக ரொட்டி சுடும் கடை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகம். ஆனால் என் கால் தானாகவே பழைய மெஸ்ஸுக்குத்தான் போகும். எட்டு வயதில் சொர்ணவாரி அறுப்பு முடிந்து நெல் விற்க வந்த அப்பா என்னை முதன்முதலில் உட்கார வைத்த பெஞ்சு இன்னும் அங்கே கிடக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. அண்ணனுக்கு விளம்பரம் பிடிக்காது.

அதே ஓட்டுக் கட்டிடம். சுவரைப் பார்த்தபடி நாலு வரிசை பெஞ்சு. வாசலில் கரும்பலகை, அதில் சாக்பீஸில் அன்றைய சமையல்: சாதம், முருங்கைக்காய் சாம்பார், மிளகு ரசம், கோஸ் பொரியல், மோர். மூலையில் பித்தளைத் தவலையில் தண்ணீர். கல்லாவில் அண்ணன், அடுப்படியில் அண்ணி. இலையை நாமே கழுவி விரித்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் நாமே மடித்து எடுத்துப்போய்த் தொட்டியில் போட வேண்டும். என் பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அவருக்கு அடுத்து ஒரு வாத்தியார். ரசம் ஊற்றும்போது அண்ணி, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்க" என்று கேட்காமலேயே போட்டுவிட்டுப் போனார்.

காசு கொடுக்கும்போது சொன்னேன்: "ஊரே மாறிடுச்சு. நம்ம கடை மட்டும் அப்படியே இருக்குண்ணே."

அண்ணன் சிரித்தார். "பெஞ்சு மாறல தம்பி. பெஞ்சையா சாப்புடுற?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூணு மணி வரை எனக்கு வேறு வேலை இல்லை. கூட்டம் குறைந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் அப்பா காலத்தில் அரிசி நாலைந்து ஊர்க் கழனியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும். எந்த ஏரிப் பாசன நெல், யார் வீட்டு அவியல் என்று சோற்றைப் பார்த்தே சொல்வாராம். இன்றைக்கு அரிசி மண்டியிலிருந்து சிப்பம் சிப்பமாக வருகிறது. சாக்கில் அச்சடித்த படம் இருக்கிறது, எந்த ஊர் நெல் என்று இல்லை. செக்குக் கடலை எண்ணெய் போய்ப் பாமாயில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இலை கோயம்பேட்டிலிருந்து வருகிறது. கீரை வருவதே இல்லை, அதனால்தான் கோஸ் பொரியல்.

கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் மனசில் தைத்தது. "முன்னெல்லாம் அரிசி கழுவுன தண்ணி, வடிச்ச கஞ்சி, எச்சில் இலை எதுவும் மிஞ்சாது. மாட்டுக்காரங்க காலையிலயே குடத்தோட வந்து நிப்பாங்க. இப்ப மாடும் இல்ல, கேக்கறவங்களும் இல்ல. கஞ்சிய சாக்கடையில ஊத்தறேன். குப்பைய எடுக்கறதுக்கு நான் காசு குடுக்கறேன்."

யோசித்துப் பாருங்கள். கழனியிலிருந்து நெல் கடைக்குப் போனது. கடையிலிருந்து கழுநீர் மாட்டுக்குப் போனது. மாட்டிலிருந்து எரு கழனிக்கு வந்தது. இயற்கை விவசாயப் பயிற்சியில் நாம் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுகிற விஷயம்தான். அந்த வட்டத்தில் ஒரு புள்ளியாக இந்த மெஸ் இருந்திருக்கிறது. நாம் கழனியையும் மாட்டையும் மட்டும் எழுதினோம். சோறு வடித்தவரை எழுத மறந்துவிட்டோம்.

இந்தச் சாலையின் பெயர்களையே பாருங்கள். சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் தாண்டினால் பாலுசெட்டி சத்திரம். வழிப்போக்கனுக்குச் சோறு போட்டுத் திண்ணை கொடுத்த இடங்கள் ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டன. சுற்றிலும் ஏரி. ஏரி மாவட்டம் என்று இந்தப் பக்கத்துக்குச் சும்மாவா பெயர் வந்தது? 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். காந்தியவாதியான தரம்பால் பிற்காலத்தில் அந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து நமக்குச் சொன்னார். களத்தில் நெல் அளக்கும்போதே ஊருக்கு உழைக்கிற ஒவ்வொருவருக்கும், கோயிலுக்கும், ஏரிக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. விளைச்சல் ஊருக்குள்ளேயே சுற்றியது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் கும்பிடவில்லை. அன்றைக்கு உழுத பலருக்கு நிலம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தது எதற்காக? கடைப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி. இன்றைக்கு நானும் டிரைவரும் வாத்தியாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்றால், அது யாரோ போராடி மாற்றிய மாற்றம். மாறியது எல்லாம் கெட்டது இல்லை, மாறாதது எல்லாம் நல்லதும் இல்லை. எது மாறியது, யார் மாற்றினார்கள், யாருக்கு லாபம் என்று கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கடை எப்போதுமே அரிசியின் பின்னால்தான் போகும். இதே சாலையில் மேற்கே போனால் பெங்களூரு. அங்கே 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். கடையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் ஊற்றிப் பார்த்ததுதான் ரவா இட்லி என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கிட்டத்தில் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வெந்து வருகிறது. குடலை அதேதான், பக்குவம் அதேதான். ஆனால் அதில் ஊறுகிற அரிசியும் உளுந்தும் எந்த மண்ணில் எந்த மருந்தடித்து விளைந்தவை என்று யாராவது கேட்கிறோமா? பாத்திரத்தைப் பார்த்துப் பாரம்பரியம் என்கிறோம். பாத்திரத்துக்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை.

இதை எல்லாம் சொல்லும்போது நான் என்னவோ நியாயவான் போலத் தோன்றும். இல்லை. என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம். கிச்சிலிச் சம்பா நல்லா வந்திருந்தது. அண்ணனிடம் போய், "நம்மூரு நெல்லு, மருந்தில்லாத அரிசி, வாங்கிக்கிங்க" என்று ஐந்து சிப்பம் இறக்கினேன். பொங்கலுக்கு முந்தி அறுத்த நெல்லை மாதம் முடிவதற்குள் அவித்து அரைத்துக் கொடுத்திருந்தேன். புது நெல். மறுநாள் பகல் கூட்டத்தில் உலையில் போட்ட சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. சாப்பிட வந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்க, அண்ணி வேறு அரிசி களைந்து மறுபடி உலை வைத்திருக்கிறார். கம்பெனிக்காரப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஐந்து சிப்பத்துக்கும் காசை எண்ணிக் கொடுத்தார். ஆறாவது சிப்பம் கேட்கவே இல்லை.

நான் என்ன செய்தேன்? கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்து, "மக்களுக்கு நம்ம அரிசியோட அருமை தெரியல" என்று பேசினேன். சென்னையில் ஒரு கடைக்குப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். அங்கே வாங்குகிறவர் யார், சாப்பிட்டாரா, பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. பத்துக் கிலோமீட்டரில் தினமும் நூறு பேருக்குச் சோறு போடுகிறவரிடம் மட்டும் திரும்பிப் போகவில்லை. வெட்கம்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அதைக் கேட்டேன். "அண்ணே, என்னோட அரிசியில என்ன தப்பு?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, புதுசு. நெல்லாவே ஆறு மாசமாவது கெடக்கணும். ரெண்டு, ஒரு சிப்பத்துக்கு இன்னொரு சிப்பம் ஒரே மாதிரி வேகணும். ஒண்ணு சீக்கிரம் வெந்து ஒண்ணு நேரமானா நான் எப்புடி உலைய பாக்கறது? மூணு, சொன்ன நாளுக்கு வரணும். மழை, கல்யாணம், கூட்டம்னு நீ வராம போனா நான் வர்றவங்களுக்கு எலைய மட்டும் போட முடியுமா? மண்டிக்காரன் சரக்கு எப்படியோ, ஆனா வந்துரும்."

இதில் எங்காவது மருந்து பற்றி, சத்து பற்றி, பாரம்பரியம் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? இல்லை. அவர் நம் கொள்கைக்கு எதிரி இல்லை. நம்மைவிட நன்றாகச் சோறு தெரிந்தவர். நாம்தான் விளைவித்ததோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

சரி, கணக்குக்கு வருவோம். உழவர்கள் படிக்கும் இதழில் கணக்கில்லாமல் கருத்துச் சொல்லக் கூடாது.

ஒரு பகல் சாப்பாட்டுக்கு அரிசி ஏறத்தாழ 180 கிராம் என்கிறார் அண்ணன். நூறு சாப்பாட்டுக்கு 18 கிலோ. மாதம் 26 நாள், வருஷத்துக்கு 312 நாள் கடை. ஆக வருஷத்துக்கு 5,600 கிலோவுக்குச் சற்று மேல். நெல்லில் நூற்றுக்கு 60 அரிசி என்று வைத்தால், 9,360 கிலோ நெல் வேண்டும். நம் முறையில் கிச்சிலியோ தூயமல்லியோ ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 18 மூட்டை என்று வையுங்கள். 1,350 கிலோ. வகுத்துப் பாருங்கள். ஏழு ஏக்கர்.

ஓட்டுக் கட்டிடத்தில் நாலு வரிசை பெஞ்சு போட்ட ஒரு மெஸ், பகல் சாப்பாட்டுக்கு மட்டும், ஏழு ஏக்கர் கழனியை வருஷம் முழுக்க உயிரோடு வைத்திருக்கும். இட்லிக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் இதில் சேரவில்லை. எண்ணெய், கீரை, இலை எதுவும் சேரவில்லை.

விலை கட்டுமா? அண்ணன் இன்று வாங்குகிற அரிசிக்கும் நான் கேட்கிற 75 ரூபாய்க்கும் கிலோவுக்கு 25 ரூபாய் வித்தியாசம். ஒரு சாப்பாட்டுக்கு 180 கிராம் என்றால் நாலரை ரூபாய். இந்த நாலரை ரூபாயை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி. எண்பது ரூபாய்க்குச் சாப்பிடுகிற கூலிக்காரத் தம்பியின் தலையில் முழுதும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அவர் நம் எதிர்க்கட்சி இல்லை. பாதியை நாம் ஏற்கலாம். சென்னைக் கடைக்கு அனுப்பும்போது பொட்டலம், கூரியர், கடைக்காரர் கழிவு, திரும்பி வரும் பூச்சி விழுந்த சரக்கு என்று நாம் இழப்பது எவ்வளவு? மெஸ்ஸுக்குப் பொட்டலம் வேண்டாம். பழைய சாக்கிலேயே போகும். காலிச் சாக்கு திரும்பி வரும். இரண்டு ரூபாய் சாப்பாட்டு விலையில் ஏறினால், "நம்மூரு அரிசி" என்று கரும்பலகையில் எழுதினால், அந்த இரண்டு ரூபாயைத் தருவார்கள். குறைந்தது பலர் தருவார்கள்.

"இங்க ஏதுய்யா ஏழு ஏக்கர்? எல்லாம் கம்பெனி ஆயிடுச்சே" என்று கேட்பீர்கள். உண்மைதான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று வரிசையாகச் சிப்காட் வந்தது. காரும் போனும் லாரியும் மோட்டார் சைக்கிளும் இந்த மண்ணிலிருந்து உலகத்துக்குப் போகின்றன. என் தெருவிலேயே பல வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதை மறுத்து எழுத எனக்கு மனசு வராது. ஆனால் மிச்சம் இருக்கிற ஏரிக்குக் கீழே இன்னும் நெல் விளைகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்காகத் தங்கள் ஏரியும் கழனியும் போகக் கூடாது என்று ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து நின்று போராடுகிறார்கள். போராட்டத்தில் நிலத்தைக் காப்பது ஒரு பக்கம். அந்த நிலத்தில் விளைவதற்குப் பக்கத்திலேயே ஒரு வாய் வைத்திருப்பது இன்னொரு பக்கம். விளைவதைச் சாப்பிட ஆள் இல்லாத நிலத்தைத் தரிசு என்று சொல்லிவிடுவது சுலபம்.

அந்த வாய் யாருடையது? என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம், அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர். ஒப்பந்த வேலை. கேன்டீனில் சாப்பாடு உண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் இங்கே வருவானாம். ஏன் என்றேன். "இங்க கேட்டா இன்னொரு கரண்டி போடுவாங்கண்ணா" என்றான். நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை இன்னொரு கரண்டிச் சோற்றுக்காக ஒரு மெஸ்ஸைத் தேடி வருகிறான்.

2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் திறந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் உழவர் வீட்டுப் பெண்கள்! சம்பளம் கேட்டு அன்று அவர்கள் சாலைக்கு வரவில்லை. சோறு கேட்டு வந்தார்கள். அன்றைக்கு நம் உழவர் அமைப்புகள் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தோமா? நான் போகவில்லை. செய்தியில் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினேன்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சோறு போட வேண்டும் என்பது சட்டத்துக்குள் வந்துவிட்டது. யாருடைய அரிசி என்பது வரவில்லை. ஒரு நேரத்துக்கு ஐயாயிரம் பேர் சாப்பிடுகிற கேன்டீனை அண்ணன் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐம்பது மெஸ். முந்நூற்றைம்பது ஏக்கர். ஒரு ஏரியின் ஆயக்கட்டு முழுவதையும் ஒரு கேன்டீன் தாங்கும்.

இது கனவு இல்லை. பிரேசில் நாட்டில் 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம்தான் உணவுப் பொருள் வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதில் உள்ளூர்க்காரருக்கும் இயற்கை விளைச்சலுக்கும் முன்னுரிமை. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று நாட்டுக்கே வழிகாட்டினோம். தட்டுக்கு வழி செய்தோம். தட்டிலிருந்து பக்கத்துக் கழனிக்கு ஒரு வழி போடவில்லை. பாரம்பரிய நெல்லைக் காக்க நெல் ஜெயராமன் பெயரில் 2021-ல் அரசு திட்டம் அறிவித்தது, நல்லது. விதையைக் காப்பது பாதி வேலை. அந்த நெல் தினமும் யார் இலையில் விழுகிறது என்பது மீதி வேலை.

ஆனால் ஒன்று. ஒரு மெஸ்ஸுக்கே ஒழுங்காக அரிசி கொடுக்கத் தெரியாத நாம், நாளைக்கே கேன்டீனுக்குக் கொடுக்கிறோம் என்று மனு எழுதினால் அது வாய்ச்சவடால்தான். ஐயாயிரம் பேர் சோறு குழைந்துபோனால் என்ன ஆகும்? அதனால் மெஸ்ஸில்தான் படிக்க வேண்டும். அண்ணன் சொன்ன மூன்றும்தான் பாடம்.

நெல்லைக் களத்தில் நன்றாகக் காய வைத்து, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் பதத்தில் மூட்டை கட்டணும். நொச்சியும் வேம்பும் இடையில் போட்டுத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கணும். ஆறு மாதம் தொடக் கூடாது. இதில் நமக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது: அறுப்பு முடிந்த அன்றே கடன்காரர் வாசலில் நிற்பார். நெல்லை ஆறு மாதம் வைத்திருக்க முடிகிற உழவர் எத்தனை பேர்? அதனால்தான் தனி ஆளாக முடியாது என்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்குக் கால் பங்கு விளைச்சலை மட்டும் ஒதுக்கி வைக்கலாம். முக்கால் பங்கை விற்றுக் கடனை அடைக்கலாம். ஒரே ரகம், ஒரே இடத்தில் அவியல், ஒரே மில்லில் அரைவை என்று வைத்தால் சிப்பத்துக்குச் சிப்பம் ஒரே மாதிரி வேகும். ஒருவர் வர முடியாவிட்டால் இன்னொருவர் கொண்டுபோய் இறக்குவார். ஆளுக்கு ஆள் பத்து ரகம் பயிரிட்டுக் கண்காட்சியில் வைப்பது விதைக்கு நல்லது. உலைக்கு ஒரு ரகம்தான் வேண்டும்.

அடுத்தது, அரிசி கொண்டுபோகிற வண்டி காலியாகத் திரும்பக் கூடாது. கஞ்சியும் கழுநீரும் காய்த் தோலும் மாட்டுக்கு. எச்சில் இலை எருக்குழிக்கு. அண்ணனுக்குக் குப்பைக் காசு மிச்சம், நமக்கு எரு மிச்சம். என் வீட்டில் இரண்டு மாடுதான். பக்கத்து வீட்டில் மூன்று. ஒரு மெஸ் கழுநீருக்கு இந்த ஐந்து போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், நாம் போய்ச் சாப்பிடணும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம் அமைப்புக் கூட்டங்களுக்கே சாப்பாடு எங்கிருந்து வருகிறது? யாரோ சமையல்காரர், மண்டி அரிசி, பாமாயில், பிளாஸ்டிக் டம்ளர். மேடையில் நம்மாழ்வார் ஐயா படம். இனி கூட்டம் நடக்கும் ஊரில் ஒரு பழைய மெஸ்ஸுக்கு நம் அரிசியைக் கொடுத்து அங்கேயே சமைக்கச் சொல்வோம். கூட்டத்துக்கு வந்தவர் சாப்பிட்டுப் பார்ப்பார், மெஸ்காரரும் வடித்துப் பார்ப்பார்.

அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பையன் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறான். கடையை எடுத்து நடத்துவானா என்றால் உதட்டைப் பிதுக்குகிறார். கட்டிடத்தின் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. இடத்துக்காரரிடம் செல்போன் கடை வைக்க ஆள் கேட்டு வருகிறார்களாம். என் கழனிக்கும் மாதம் ஒரு தரகர் வருகிறார். இரண்டு பேர் நிலைமையும் ஒன்றுதான். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம். தனித்தனியாக என்றால் யார் முதலில் போவது என்பதுதான் மிச்சம்.

மூணு மணிக்கு எழுந்தபோது கேட்டேன்: "அண்ணே, இன்னொரு வாட்டி எங்க அரிசியப் போட்டுப் பாக்கறீங்களா? இந்த முறை பழைய நெல்லு. நாலு பேரு சேந்து தர்றோம்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அடுப்படியைப் பார்த்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்: "மொதல்ல ஒரு படி கொண்டா. நான் வடிச்சுப் பாக்கறேன். நல்லாருந்தா வாரத்துல ஒரு நாளு, வியாழக்கெழம. அது ஒழுங்கா வந்தா அப்புறம் பேசிக்கலாம்."

ஒரு படி மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். போன தையில் அறுத்து வைத்த நெல், ஒன்பது மாதம் ஆனது. வடித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: "நிக்குது." சோறு குழையாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

வருகிற மாதம் முதல் வியாழன் பதினெட்டுக் கிலோ இறக்குகிறோம். நாலு பேரும் அன்று அங்கேதான் சாப்பிடுவதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெஞ்சு கிடக்கும். ஒரு நாள் போய் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும் அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு, உங்கள் அரிசியை ஏன் வாங்குவதில்லை என்றும் கேளுங்கள். இரண்டாவது பதிலைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.